'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வின் கடைசி பைக் பயணம்... ஹெல்மெட் கட்டாயமானதற்குப் பின்னால் இருக்கும் விபத்து!

1962-ல் வெளியான 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் தொடக்கம் மறந்திருக்காது. பாலைவனம் இல்லை, ஒட்டகம் இல்லை. ஒருவர் பைக்கைத் துடைத்து, பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட் செய்து கிளம்புகிறார். வேகம் ஏற ஏற முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு. எதிரே திடீரென்று இரண்டு சைக்கிள்கள். அவ்வளவுதான். புதரில் அவருடைய கண்ணாடி மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

படத்துக்காக கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் சம்பவம் உண்மை. 1935 மே 13-ம் தேதி இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், வீட்டுக்கு சில நூறு மீட்டர் தூரத்தில் அந்த விபத்து நடந்தது. ஆறு நாள் நினைவே திரும்பாமல் கிடந்து, மே 19-ல் இறந்துபோனார் டி.இ.லாரன்ஸ். வயது 46. தலையில் ஹெல்மெட் இல்லை.

அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகவே தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

யார் இந்த லாரன்ஸ்?

தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ் பிறந்தது 1888 ஆகஸ்ட் 16, வேல்ஸில் உள்ள ட்ரெமடாக் என்ற சிற்றூரில். அப்பா தாமஸ் சாப்மன் அயர்லாந்தில் நிலபுலன் உள்ள பெரிய குடும்பத்துக்காரர். முதல் மனைவியையும் மகள்களையும் விட்டுவிட்டு, வீட்டில் வேலை பார்த்த சாரா என்ற பெண்ணோடு வந்து, லாரன்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தார். கடைசி வரை இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆக, உலகமே சொல்லும் அந்த 'லாரன்ஸ்' என்ற பெயரே பிறவிப் பெயர் கிடையாது. பின்னாளில் இவரும் சட்டை மாற்றுவது மாதிரி பெயரை மாற்றிக்கொண்டே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்தார். சிலுவைப் போர் காலத்துக் கோட்டைகளைப் பற்றி ஆய்வு எழுத வேண்டும் என்பதற்காக 1909-ல் சிரியாவுக்குப் போய் மாதக்கணக்கில் நடந்தே சுற்றினார். பிறகு கார்கெமிஷ் என்ற பழைய நகரத்தில் அகழாய்வு வேலை. அரபு மொழி அங்கேதான் நாக்கில் ஒட்டியது. உயரம் ஐந்தரை அடிக்கும் குறைவு. படத்தில் நடித்த பீட்டர் ஓ'டூல் ஆறடிக்கு மேல்!

முதல் உலகப் போர் வந்ததும் கெய்ரோவில் பிரிட்டிஷ் உளவுப் பிரிவில் சேர்ந்தார். 1916-ல் துருக்கியின் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக அரேபியர்கள் கிளர்ந்தெழுந்தபோது, இளவரசர் ஃபைசலோடு தொடர்பு அதிகாரியாக அனுப்பப்பட்டார். ஹெஜாஸ் ரயில் பாதையை வெடி வைத்துத் தகர்ப்பது, ஒட்டகப் படையோடு பாலைவனத்தைக் கடந்து போய் 1917 ஜூலையில் அகபா துறைமுகத்தைப் பிடிப்பது, 1918 அக்டோபரில் டமாஸ்கஸுக்குள் நுழைவது என இரண்டே வருடத்தில் ஒரு மனிதனின் கதை காவியமாகிவிட்டது. ஆனால் அரேபியர்களுக்குக் கொடுத்த சுதந்திர வாக்குறுதியை பிரிட்டனும் பிரான்ஸும் மறைமுக ஒப்பந்தம் போட்டு முன்பே விற்றுவிட்டிருந்தன. அது லாரன்ஸுக்குத் தெரியும். தெரிந்தும் அவர்களை நம்ப வைத்துச் சண்டைக்குக் கூட்டிப்போன குற்ற உணர்வு அவரைக் கடைசி வரை விடவில்லை.

இரண்டு முறை தப்பிய தலை

அகபாவுக்குப் போகும் வழியில் அபா எல் லிசான் என்ற இடத்தில் துருக்கிப் படையோடு மோதல். லாரன்ஸ் ஒட்டகத்தில் பாய்ந்துபோய் துப்பாக்கியால் சுட்டபடி முன்னேறுகிறார். திடீரென்று ஒட்டகம் சரிந்து விழ, அவர் தூக்கி எறியப்பட்டு நினைவிழந்தார். எதிரியின் குண்டு என்றுதான் நினைத்தார். பிறகு பார்த்தால், ஒட்டகத்தின் பின்தலையில் பாய்ந்திருந்தது அவருடைய குண்டேதான்! ஓடுகிற ஒட்டகத்தில் ஆடிக்கொண்டே சுட்டதில் வந்த வினை. அதை மறைக்காமல் தன் புத்தகத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்.

அடுத்தது 1919 மே. கெய்ரோவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானம் ரோம் நகரில் தரையிறங்கும்போது நொறுங்கியது. விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். லாரன்ஸுக்கு எலும்பு முறிவு, ஆனால் உயிர் பிழைத்தார்.

இரண்டு தடவை தப்பித்தவர். மூன்றாவது தடவை, போரும் இல்லை, விமானமும் இல்லை. தபால் ஆபீஸுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி.

ஒளிந்து வாழ்ந்த ஹீரோ... கூட இருந்த ஒரே ஆடம்பரம்

போர் முடிந்ததும் லாரன்ஸ் பெரிய ஸ்டார். லோவெல் தாமஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஊர் ஊராகப் படம் காட்டி அவரை உலகப் புகழ் ஆக்கிவிட்டார். அந்தப் புகழ் அவருக்குப் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று இன்றுவரை பட்டிமன்றம் நடக்கிறது. இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

சர்ச்சில் அமைச்சராக இருந்தபோது அவருக்கு ஆலோசகராகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காததைச் செய்தார். கர்னல் பதவி வரை போனவர், 1922-ல் ஜான் ஹியூம் ராஸ் என்ற பொய்ப் பெயரில் விமானப் படையில் சாதாரண கடைநிலை வீரராகச் சேர்ந்துவிட்டார். பத்திரிகைகள் மோப்பம் பிடித்தன, வெளியே அனுப்பினார்கள். உடனே டி.இ.ஷா என்ற பெயரில் டாங்கிப் படையில் சேர்ந்தார். அப்போதுதான் போவிங்டன் ராணுவ முகாமுக்குப் பக்கத்தில் கிளவுட்ஸ் ஹில் என்ற சின்ன வீட்டைப் பிடித்தார். 1925-ல் மறுபடியும் விமானப் படை. நடுவில் இந்தியாவுக்கும் வந்தார். 1927 தொடக்கத்தில் கராச்சி, அடுத்து ஆப்கன் எல்லையோரம் மீரான்ஷா. ஆப்கானிஸ்தானில் நடந்த கலவரத்துக்கு இவர்தான் காரணம் என்று வதந்தி கிளம்பியதால் 1929-ல் அவசரமாகத் திருப்பி அழைக்கப்பட்டார்.

சம்பளம் சொற்பம், தூங்குவது பாசறைக் கட்டிலில். ஆனால் ஓட்டிய பைக் மட்டும் 'பிரவ் சுப்பீரியர்'. நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் பிரவ் என்பவர் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி. 'பைக்குகளின் ரோல்ஸ் ராய்ஸ்' என்று பெயர். லாரன்ஸ் வைத்திருந்த எஸ்எஸ் 100 மாடலில் அந்த 100, மணிக்கு 100 மைல் ஓடும் என்பதற்கான உத்தரவாதம். அதாவது 160 கிலோமீட்டர். 90 வருடத்துக்கு முன்பு!

ஒன்றல்ல, அடுத்தடுத்து ஏழு பிரவ் வண்டிகள் வைத்திருந்தார். எட்டாவதுக்கு ஆர்டர் கொடுத்திருந்த நேரத்தில்தான் இறந்தார். இடி முழக்கத்தின் மைந்தர் என்று பொருள்படும் 'போவனெர்ஜஸ்' என்பது அவர் பைக்குக்கு வைத்த செல்லப் பெயர். 1926-ம் ஆண்டிலேயே ஐந்து வண்டிகளில் ஒரு லட்சம் மைல் ஓட்டி முடித்துவிட்டதாக ஜார்ஜ் பிரவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கிரான்வெல் முகாமில் இருந்தபோது சாலையில் இவர் பைக்கிலும், தலைக்கு மேலே ஒரு போர் விமானமும் பந்தயம் விட்ட கதையைத் தனி அத்தியாயமாகவே எழுதிவைத்தார்.

ஆக, இவர் பைக் ஓட்டத் தெரியாதவர் அல்ல. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இவ்வளவு தூரம் ஓட்டியவர்கள் மிகச் சிலர்தான் இருந்திருப்பார்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது?

1935 பிப்ரவரி கடைசியில் விமானப் படைப் பணி முடிந்தது. கிளவுட்ஸ் ஹில் வீட்டில் செட்டில் ஆனார். மே 13 காலை எழுத்தாளர் ஹென்றி வில்லியம்சனிடமிருந்து கடிதம் வந்தது, நேரில் வரலாமா என்று கேட்டு. மறுநாள் மதிய சாப்பாட்டுக்கு வாருங்கள் என்று தந்தி கொடுக்க, பைக்கை எடுத்துக்கொண்டு போவிங்டன் முகாமுக்குப் போனார். இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான்.

திரும்பி வரும்போது, சாலையில் முன்னால் இரண்டு சிறுவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். லாரன்ஸ் போன அதே திசையில். அந்தச் சாலை நேராக இருந்தாலும் சமமாக இல்லை, மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும். பள்ளத்தில் இருப்பவர்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் வருபவர் கண்ணில் பட மாட்டார்கள். பின்னால் பைக் சத்தம் கேட்டு, சிறுவர்கள் பக்கத்துப் பக்கமாகப் போவதை விட்டு ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். சரியாகத்தான் செய்தார்கள். கடைசி நொடியில் அவர்களைப் பார்த்த லாரன்ஸ் விலக முயன்றார். பின்னால் போன சைக்கிளை உரசி, நிலை தடுமாறி, தூக்கி வீசப்பட்டார். சிறுவர்கள் இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். லாரன்ஸுக்கு மண்டை ஓடு உடைந்திருந்தது.

விசாரணையில் ஒரு ராணுவ வீரர், எதிர்த் திசையில் கறுப்பு கார் ஒன்று போனதைப் பார்த்தேன் என்றார். சிறுவர்கள், அப்படி எந்தக் காரும் வரவில்லை என்றார்கள். அவ்வளவு போதாதா? உளவுத் துறை கொன்றது, சாகவே இல்லை, ஒளிந்திருக்கிறார் என்று கதை மேல் கதை கிளம்பி இன்றுவரை யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கிறது. மே 21-ல் விசாரணை, தற்செயலான மரணம் என்று முடிந்தது. அன்றே மோர்ட்டன் கிராமத்தில் அடக்கம். சர்ச்சிலும் வந்திருந்தார்.

நேரான சாலையிலும் 'வளைவு' உண்டு

சதி இருந்ததோ இல்லையோ, அந்தச் சாலை போதுமான காரணம். சாலைப் பொறியாளர்கள் வளைவுகளை இரண்டாகப் பிரிப்பார்கள். இடம், வலம் திரும்புவது ஒன்று. மேடு ஏறி இறங்குவது இன்னொன்று, அதற்கு செங்குத்து வளைவு என்று பெயர். இரண்டிலும் பிரச்சினை ஒன்றுதான்: பாதை இருக்கிறது, பார்வை இல்லை.

கணக்குப் போட்டால் புரியும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் நகர்வோம். எதையாவது பார்த்து, புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு நொடி போய்விடும். அதன்பிறகு காய்ந்த சாலையில் நல்ல பிரேக் உள்ள வண்டி நிற்க இன்னும் 20 மீட்டருக்கு மேல் வேண்டும். மொத்தம் சுமார் 40 மீட்டர். 80 கி.மீ. வேகம் என்றால் கிட்டத்தட்ட 60 மீட்டர். மேட்டுக்கு அந்தப் பக்கமோ, வளைவிலோ கண்ணுக்குத் தெரிவதே 30 மீட்டர்தான் என்றால், உலகத்தின் சிறந்த ரைடராக இருந்தாலும் நிறுத்த முடியாது. அதுவும் லாரன்ஸ் வண்டியில் இருந்தது டிரம் பிரேக். டிஸ்க், ஏபிஎஸ் எல்லாம் அப்போது இல்லை.

இன்னொரு விஷயம், டயரின் பிடிமானம். அது ஒரு குடும்ப பட்ஜெட் மாதிரி. பிரேக்குக்குக் கொஞ்சம், திருப்பத்துக்குக் கொஞ்சம் என்று பிரித்துத்தான் செலவழிக்க முடியும். வண்டியைச் சாய்த்துத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பட்ஜெட் தாண்டிவிடும், வீல் வழுக்கிவிடும். வேகம் ஏறும்போது இந்தச் செலவு நேராக ஏறுவதில்லை. ஒரு வளைவை 40-ல் திரும்பியதற்குப் பதில் 60-ல் திரும்பினால், தேவைப்படும் பிடிமானம் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு. அதனால்தான் வேகத்தை வளைவுக்கு உள்ளே போய்க் குறைக்காமல், நேராக இருக்கும்போதே குறைத்துவிட்டு உள்ளே போகச் சொல்கிறார்கள். மணலோ, ஈரமோ இருந்தால் பட்ஜெட்டே பாதிதான்.

கண்ணும் சேர்ந்து கெடுக்கும். பயத்தில் எதைப் பார்க்கிறோமோ அதை நோக்கியே வண்டி போகும். எதிரே வரும் லாரியை வெறித்துப் பார்த்தால் லாரியை நோக்கி, தடுப்புச் சுவரைப் பார்த்தால் சுவரை நோக்கி. வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பார்வையை வைப்பவர்கள்தான் வெளியே வருகிறார்கள். இடது பக்கம் வண்டி ஓட்டும் இங்கிலாந்து, இந்தியா மாதிரி நாடுகளில், வலது பக்க வளைவில் நடுக்கோட்டை ஒட்டியே சாய்ந்து போனால், வீல் நம்ம பக்கம் இருக்கும், தலை எதிர் வரிசைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். இதைப் பலரும் கவனிப்பதே இல்லை.

வண்டி ஓட்டியவர்களே பாதி பேருக்கு முறையாகக் கற்றுக்கொள்ளாத காலம் அது. 1934-ல் பிரிட்டன் சாலைகளில் 7,343 பேர் உயிரிழந்தார்கள். அதிர்ந்துபோன அரசு, 1935 மார்ச்சில் ஊருக்குள் மணிக்கு 30 மைல் வேகக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. டிரைவிங் டெஸ்ட் கட்டாயமானது ஜூன் 1-ல். லாரன்ஸ் இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆனால் ஏற்கெனவே பல வருடம் ஓட்டிய அவர் மாதிரி ஆட்களுக்கு அந்தத் தேர்வு இருந்திருக்காது.

படுக்கை அருகே நின்ற டாக்டர்

லாரன்ஸைக் காப்பாற்ற அழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாக்காரர், 38 வயது. நவீன மூளை அறுவை சிகிச்சையின் தந்தை எனப்படும் ஹார்வி குஷிங்கிடம் அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர். ஆனால் லாரன்ஸுக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கெய்ர்ன்ஸ் அதை அப்படியே விட்டுவிடவில்லை. மூளையைச் சரிசெய்வதைவிட அடிபடாமல் பார்ப்பதுதான் வழி என்று யோசிக்கத் தொடங்கினார். உண்மையில் ஹெல்மெட் ஒன்றும் புதுப் பொருள் அல்ல. எரிக் கார்ட்னர் என்ற டாக்டரின் முயற்சியால் 1914-லேயே ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தில் கட்டாயமாக்கப்பட்டது. ரேஸ் ஓட்டுபவர்களுக்கு இருந்தது, தந்தி கொடுக்கப் போகிறவர்களுக்கு இல்லை!

இரண்டாம் உலகப் போர் வந்தபோது நிலைமை மோசமானது. குண்டுவீச்சுக்கு பயந்து இரவில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். ராணுவத்தில் தகவல் கொண்டுபோகும் வீரர்கள் பைக்கில் பறந்தார்கள். போருக்கு முந்தைய 21 மாதங்களில் 1,884 ஆக இருந்த பைக் மரணங்கள், போரின் முதல் 21 மாதங்களில் 2,279 ஆகின. ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகியிருந்த கெய்ர்ன்ஸ், தலைக் காயத்துக்கான ராணுவ மருத்துவமனையை நடத்திக்கொண்டே ஒவ்வொரு கேஸையும் குறித்துவைத்தார். 1941 அக்டோபரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் கட்டுரை வந்தது. அவர் பார்த்த விபத்துகளில் ஹெல்மெட் போட்டிருந்தவர்கள் வெறும் ஏழு பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள்.

ஏழு என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அடுத்த மாதமே, 1941 நவம்பரில், பணியில் பைக் ஓட்டும் வீரர்கள் அனைவருக்கும் ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. கெய்ர்ன்ஸும் நிறுத்தவில்லை. ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து, விழுந்தபோது ஹெல்மெட் அணிந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களின் விபத்துகளை ஆராய்ந்து 1943-ல் வெளியிட்டார். மோதலில் தலை சுழலும்போது மூளைக்கு என்ன ஆகிறது என்று பார்க்க, ஹோல்போர்ன் ஜெலட்டினில் மூளை மாதிரி செய்து ஆட்டிப் பார்த்தவர். 1946-ல் கெய்ர்ன்ஸ் வெளியிட்ட அடுத்த கட்டுரையில், ஹெல்மெட் உத்தரவுக்குப் பிறகு ராணுவ பைக் மரணங்கள் படிப்படியாகக் குறைந்ததைக் கணக்கோடு காட்டினார்.

பொதுமக்களுக்கு? அதற்கு இன்னும் நெடுங்காலம் ஆனது. இன்றைக்குக் கேட்கும் அதே வாதங்கள்தான் அங்கேயும்: என் தலை, என் இஷ்டம், காற்று வாங்கத்தானே பைக் ஓட்டுகிறேன்... கெய்ர்ன்ஸ் 1952-ல் 56 வயதில் காலமானார். பிரிட்டனில் பைக் ஓட்டும் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 1973 ஜூன் மாதம். லாரன்ஸ் இறந்து 38 வருடம் கழித்து.

ஜிடபிள்யூ 2275 என்ற பதிவெண் கொண்ட லாரன்ஸின் கடைசி பிரவ் சுப்பீரியர் அந்த விபத்தில் பெரிதாக நொறுங்கவில்லை. பழுது பார்த்து விற்கப்பட்டது, பிறகும் ஓடியது. அருங்காட்சியகக் கண்காட்சிகளில் லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டுப் போன அந்த வண்டி, இன்றும் இருக்கிறது.